தமிழ்த் துண்டறிக்கை எளிதாக இருக்கிறதா? அளக்கும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது

நீரிழிவு, இரத்த அழுத்தம், தடுப்பூசி போன்றவற்றைப் பற்றித் தமிழில் துண்டறிக்கை அச்சிடும் எந்த அமைப்புக்கும், தாள் அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும்: இதைக் கையில் வாங்கிப் படிப்பவருக்கு இது புரியுமா? எழுதியவர்களும் சரிபார்த்தவர்களும் தங்களுக்குள் "புரியும்" என்று சொல்லிக்கொண்டு கையொப்பமிடுவதே பல இடங்களில் நடைமுறையாக இருக்கிறது. அதைவிட மேலான ஒரு சோதனை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்னால் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில், தமிழ் உரையை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும் எந்த எண்ணையும் தீர்ப்பாகக் கொள்ள முடியாது, தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர்கள் பத்து அல்லது இருபது வாசகர்கள், எண்கள் அவர்களிடம் போவதற்கு முந்தைய வடிகட்டலுக்கு மட்டுமே உதவும்.

ஓர் உரையின் கடினத்தை எண்ணாகச் சொல்லும் வாய்பாடுகளிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலோர் முதலில் தேடிப் போவது அவற்றைத்தான். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ருடால்ஃப் பிளெஷ் 1948இல் வெளியிட்ட வாய்பாடு இன்றும் சொற்செயலிகளுக்குள் உயிரோடு இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்குச் சராசரியாக எத்தனை சொற்கள் என்பதை 1.015ஆலும், ஒரு சொல்லுக்குச் சராசரியாக எத்தனை அசைகள் என்பதை 84.6ஆலும் பெருக்கி, இரண்டையும் 206.835இலிருந்து கழித்தால் மதிப்பெண் கிடைக்கும். 60 முதல் 70 வரை வந்தால் இயல்பான நடை. 90ஐத் தாண்டினால் மிக எளிது. 30க்குக் கீழே போனால் மிகக் கடினம். அமெரிக்கக் கடற்படையின் கையேடுகளுக்காக 1975இல் இதே இரண்டு அளவுகளைக் கொண்டு பள்ளி வகுப்பைச் சொல்லும் பிளெஷ்–கின்கெய்டு வாய்பாடு உருவானது. ராபர்ட் கன்னிங் 1952இல் தந்த 'ஃபாக்' அளவும், மெக்லாஃப்லின் 1969இல் தந்த 'ஸ்மாக்' அளவும் மூன்று அசைகளுக்குக் குறையாத சொற்களை எண்ணுபவை. இவை வெறும் ஆய்வுக்கூட விளையாட்டுகள் அல்ல. காப்பீட்டு ஆவணங்களுக்குக் குறைந்தது 45 என்ற பிளெஷ் மதிப்பெண்ணை ஃபுளோரிடா மாநிலம் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

இவற்றைத் தமிழில் ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஒரே வாக்கியத்தில் காட்டலாம். 'மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீருடன் விழுங்குங்கள்.' தொடக்கப் பள்ளி மாணவருக்கும் புரியும் இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்களும், ஒலிப்பு முறைப்படி எண்ணினால் பத்தொன்பது அசைகளும் இருக்கின்றன. சொல்லுக்கு 3.8 அசை என்று வாய்பாட்டில் இட்டால் மதிப்பெண் ஏறத்தாழ மைனஸ் 120. வகுப்புத் தரத்தைச் சொல்லும் வாய்பாட்டின்படி இதைப் படிக்க முப்பத்தோராம் வகுப்பு முடித்திருக்க வேண்டும்! இதே செய்தியை ஆங்கிலத்தில் ஏழு சிறு சொற்களில் எழுதினால் 79 மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. நம் யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசைக் கணக்கைப் பின்பற்றினால் அசைகள் பதினைந்தாகக் குறையும். ஆனால் அப்போதும் விடை மைனஸ் 52தான். எனவே, தமிழ் உரையை ஏற்றுக்கொண்டு ஒரு பிளெஷ் எண்ணை அப்படியே துப்பும் இணையக் கருவி எதையும் நம்பவேண்டியதில்லை. அது பெரும்பாலும் அசைகளை எண்ணவே இல்லை என்பதையும், எண்ணியிருந்தால் விடை இதைவிட அபத்தமாக இருந்திருக்கும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

காரணம் வெளிப்படையானது. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாக நிற்கும் உறவுகளைத் தமிழ் விகுதிகளாகவும் உருபுகளாகவும் பெயரோடும் வினையோடும் ஒட்டிவிடுகிறது. ஆகவே நீளமான சொல் என்பது அறிமுகமில்லாத சொல் என்று ஆகாது. 'மருத்துவமனை' ஆறு அசைகள் கொண்டது, அது தெரியாதவர் யாரும் இல்லை. 'திசு' இரண்டே அசைகள் கொண்டது, அதைப் பொருள் புரிந்து படிப்பவர்கள் அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள்.

வாய்பாட்டில் உள்ள நிலையான எண்களை, அதாவது மாறிலிகளை, தமிழுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கலாம். பிற மொழிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். ஸ்பானியத்துக்கு பெர்னாண்டஸ் உவெர்த்தா 1959இலும், ஜெர்மனுக்கு ஆம்ஸ்டாட் 1978இலும் பிளெஷ் வாய்பாட்டின் எண்களை மாற்றியமைத்தார்கள். நீண்ட கூட்டுச்சொற்களுக்குப் பேர்போன ஜெர்மனுக்காகத் தளர்த்தப்பட்ட அந்த வாய்பாட்டில்கூட நம் மாத்திரை வாக்கியம் மைனஸ் 47ஐத் தாண்டுவதில்லை. தமிழுக்கென்று எண்களை நிறுவ வேண்டுமானால், பல நூறு பத்திகளைப் பல தரப்பு வாசகர்களிடம் கொடுத்து, கேள்விகள் கேட்டு, யாருக்கு எது புரிந்தது என்ற தரவை முதலில் திரட்ட வேண்டும். பிளெஷுக்கு அத்தகைய அடித்தளமாக அமெரிக்கப் பள்ளிகளில் புழங்கிய மெக்கால்–கிராப்ஸ் வாசிப்புப் பயிற்சிகள் ஆயத்தமாகக் கிடைத்தன. காரக்பூர் ஐஐடியின் ஆய்வாளர்கள் 2012இல் வங்காளத்துக்கும் இந்திக்கும் அளவுகோல் தேடியபோது, ஆங்கில வாய்பாட்டைக் கடன் வாங்காமல் அம்மொழி வாசகர்களின் மதிப்பீட்டையே அடிப்படையாகக் கொண்டு, கூட்டெழுத்துகளின் எண்ணிக்கை போன்ற அந்த எழுத்துமுறைக்கு உரிய கூறுகளைச் சேர்த்தார்கள். தமிழுக்கும் வழி அதுவே. ஆனால் அது ஒரு பல்கலைக்கழகத் துறை ஏற்க வேண்டிய வேலை. அடுத்த மாதம் துண்டறிக்கை அச்சிட வேண்டியவரின் வேலை அல்ல.

வாய்பாடுகளுக்குள் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால், சுவீடனைச் சேர்ந்த பியோர்ன்சன் 1968இல் தந்த 'லிக்ஸ்' அளவைச் சொல்வேன். அசைகளை எண்ணத் தேவையில்லாததே அதன் சிறப்பு: வாக்கியத்தின் சராசரிச் சொல் எண்ணிக்கையோடு, ஆறு எழுத்துக்கு மேற்பட்ட சொற்களின் விழுக்காட்டைக் கூட்டினால் போதும். நம் வாக்கியத்தில் எட்டு எழுத்துள்ள 'சாப்பாட்டுக்குப்', ஏழு எழுத்துள்ள 'விழுங்குங்கள்' ஆகிய இரண்டு மட்டுமே நீளச் சொற்கள் என்பதால் விடை 45. சுவீடனில் அது சாதாரண நாளிதழ் நடைக்கு உரிய எண். அபத்தம் இல்லை என்ற அளவில் இது முன்னேற்றம். ஆனால் கணினியிடம் ஒப்படைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 'தி' என்பது ஓர் எழுத்தல்ல, 'த'வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. நிரலை எழுதியவர் இதைக் கவனிக்காமல் குறியீடுகளை எண்ணிவிட்டால், 'பிறகு' ஒன்றைத் தவிர மற்ற நான்கும் நீளச் சொற்களாகி, அதே வாக்கியம் 45இலிருந்து 85க்குத் தாவிவிடும். சொற்களுக்கு இடையில் இடைவெளி விடுவதிலும் நம்மிடம் ஒருமித்த வழக்கம் இல்லை. 'எடுத்துக்கொண்டிருக்கிறார்' என்று சேர்த்தெழுதும் பதிப்பாசிரியரின் உரை கடினமாகவும், 'எடுத்துக் கொண்டு இருக்கிறார்' என்று பிரித்தெழுதுபவரின் உரை எளிதாகவும் காட்டப்படும். படிப்பவருக்கோ இரண்டும் ஒன்றுதான்.

வாக்கிய நீளம் என்ற இன்னொரு தூணும் தமிழில் உறுதியானதல்ல. 'கையைக் கழுவி, புட்டியைக் குலுக்கி, மூடியைத் திறந்து, ஐந்து மில்லி ஊற்றிக் குழந்தைக்குக் கொடுங்கள்' என்ற வாக்கியத்தில் பதினொரு சொற்கள். 'மருத்துவரால் குறிப்பிடப்பட்ட அளவைவிடக் கூடுதலாக உட்கொள்ளப்பட்ட மருந்தினால் ஏற்படும் விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது' என்பதில் பத்துச் சொற்கள். முதலாவது, வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, செயல் நடக்கும் வரிசையிலேயே மனத்தில் படிந்துவிடுகிறது. இரண்டாவதில், பெயரெச்சத்துக்குள் பெயரெச்சம் புகுந்து, யார் எதைச் செய்தார் என்பதை வாசகர் கடைசிச் சொல் வரை சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. அலுவலகத் தமிழின் இறுக்கத்துக்குப் பெரும்பங்கு காரணம் இந்த அடுக்குப் பெயரெச்சமும், 'படு' சேர்ந்த செயப்பாட்டு வினையும்தான். இவை இரண்டையும் எந்த ஆங்கில வாய்பாடும் எண்ணுவதில்லை.

இதைவிட ஆபத்தானது, மதிப்பெண்ணுக்காக எழுதத் தொடங்குவது. 'காய்ச்சல் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்' என்பதை 'காய்ச்சல் குறையவில்லை. மருத்துவரைப் பாருங்கள்.' என்று வெட்டினால் எண் உயரும். ஆனால் நிபந்தனை காணாமல் போகிறது. ஆலிஸ் டேவிசனும் ராபர்ட் கான்டோரும் 1982இல், பள்ளி மாணவர்களுக்காக எளிமைப்படுத்தப்பட்ட உரைகளை அவற்றின் மூலங்களோடு ஒப்பிட்டு இதையே காட்டினார்கள்: வாக்கியத்தை நறுக்கும்போது 'ஏனென்றால்', 'ஆகவே' போன்ற இணைப்புகள் உதிர்ந்து, எளிதாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட உரை சில இடங்களில் மூலத்தைவிடக் கடினமாகிவிடுகிறது.

அடுத்த வழி சொற்பட்டியல். எட்கர் டேலும் ஜீன் சாலும் 1948இல், அமெரிக்காவில் நான்காம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் அறிந்த ஏறத்தாழ 3,000 சொற்களைப் பட்டியலிட்டு, அதற்கு வெளியே உள்ள சொற்களின் விகிதத்தைக் கடினத்தின் அடையாளமாகக் கொண்டார்கள். கருத்தளவில் இது அசை எண்ணுவதைவிட நியாயமானது, தமிழுக்கும் பொருந்தக்கூடியது. தொடக்கப் பள்ளிப் பாடநூல்களிலிருந்து ஒரு பட்டியலைத் தயாரிப்பது இயலாத காரியமும் அல்ல. எனினும் மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன. ஒரே வேர்ச்சொல் நூற்றுக்கணக்கான வடிவங்கள் எடுப்பதால், 'விழுங்குங்கள்' என்பதை 'விழுங்கு' என்று பிரித்தறியும் நிரல் முதலில் வேண்டும். 'படி' என்பது பட்டியலில் இருந்தாலும், 'மேற்படி' என்பதில் வரும் படியை வாசகர் அறிவார் என்பதற்கு அது சான்றாகாது. மூன்றாவது தடைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: மக்கள் வாயில் புழங்கும் சொற்கள் பாடநூல்களில் இல்லை. நோயாளிகள் 'சுகர்', 'பிரஷர்', 'ஸ்கேன்' என்கிறார்கள். பாடநூலை வைத்துச் செய்த பட்டியல் அவற்றை அந்நியமாகக் குறித்துவிட்டு, 'குருதி'யை எளிய சொல்லாக அனுமதிக்கும். தமிழ்நாட்டுப் பட்டியலை இலங்கைக்கு எடுத்துச் சென்றால், அங்கே எல்லோரும் மாத்திரைக்குச் சொல்லும் 'குளிசை'யும் மருத்துவமனைக்குச் சொல்லும் 'வைத்தியசாலை'யும் கடினச் சொற்களாகிவிடும். ஆகவே, பட்டியலை அந்தந்த ஊரின் வெளிநோயாளிப் பிரிவில் காதில் விழும் சொற்களைக் கொண்டு திருத்திப் பயன்படுத்துவதானால் மட்டுமே இந்த வழியை ஆதரிப்பேன்.

வகுப்புவாரியாகப் பிரிக்கப்பட்ட பாடநூல்களைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினி மாதிரிகளையும், கேட்டவுடன் 'இது எட்டாம் வகுப்புத் தரம்' என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளையும் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு பாடம் ஒன்பதாம் வகுப்பில் இருப்பது பாடத்திட்டக் குழுவின் முடிவு. மொழியின் கடினத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு தளர்வானது. கரடுமுரடான வரிகளைச் சுட்டிக்காட்டி மாற்று வரிகள் தரச் சொல்வதற்கு இக்கருவிகள் பயன்படும். அவை சொல்லும் வகுப்பு எண்ணை அறிக்கையில் எழுத வேண்டாம். தமிழாசிரியரிடமோ மூத்த பதிப்பாசிரியரிடமோ கொடுத்துக் கருத்துக் கேட்பதிலும் ஏறக்குறைய இதே பயனும் இதே எல்லையும் இருக்கின்றன. பிழைகள் நீங்கும், ஆனால் எல்லாச் சொற்களும் தெரிந்தவருக்கு, எந்தச் சொல் பிறருக்குத் தெரியாது என்பது கண்ணில் படுவதில்லை. தூய்மை கருதி 'அலர்ஜி'யை அடித்து 'ஒவ்வாமை' என்று மட்டும் எழுதித் திருப்பித் தருபவர்களும் உண்டு.

உரையிலிருந்து வாசகரை நோக்கி நகரும் முதல் வழி, நாம் பள்ளியிலேயே அறிந்த 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்பதன் வளர்ந்த வடிவம். வில்சன் டெய்லர் 1953இல் முன்வைத்த முறைப்படி, உரையில் ஒவ்வோர் ஐந்தாம் சொல்லையும் நீக்கிவிட்டு, வாசகர்களை நிரப்பச் சொல்ல வேண்டும். நீக்கிய சொல்லையே எழுதினால்தான் மதிப்பெண். ஜான் போர்முத் 1960களில் செய்த ஆய்வுகளின்படி, இதில் 44 விழுக்காடு எடுப்பவர் புரிதல் கேள்விகளில் 75 விழுக்காடும், 57 எடுப்பவர் 90 விழுக்காடும் எடுக்கக்கூடியவர். தயாரிக்க எளிது, ஒரே நேரத்தில் ஒரு வகுப்பறைக்கே கொடுக்கலாம், கேள்வி எழுதத் தெரிந்தவர் வேண்டியதில்லை.

தமிழில் இதற்கு ஒரு வேடிக்கையான இடையூறு வருகிறது. 'மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் ______ தண்ணீருடன் விழுங்குங்கள்' என்று விட்டால், மிகுந்து நிற்கும் 'ப்' என்ற வல்லின ஒற்றே அடுத்த சொல்லின் முதல் எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சந்தி தெரிந்தவருக்கு 'பிறகு', 'பின்பு' போன்ற ஓரிரு வாய்ப்புகளே மிஞ்சும். தெரியாதவருக்கு அந்த உதவி இல்லை. ஆகவே கோடிட்ட இடத்துக்கு முன்னுள்ள ஒற்றுகளை நீக்கிவிட்டுத்தான் தாளைத் தயாரிக்க வேண்டும். மதிப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. அந்த இடத்தில் 'அப்புறம்' என்று எழுதுபவருக்கு வாக்கியம் முழுமையாகப் புரிந்திருக்கிறது. 'முன்பு' என்று எழுதுபவர் மருந்தைத் தவறான நேரத்தில் சாப்பிடப் போகிறவர். கண்டிப்பான முறைப்படி இருவருக்கும் பூச்சியம். விகுதி மாறினால் மன்னிக்கலாமா, இணைச்சொல்லை ஏற்கலாமா என்று விதிகளைத் தளர்த்தினால், போர்முத்தின் 44, 57 என்ற எல்லைகள் செல்லாதவையாகிவிடும். எனவே இதை ஒரே செய்தியின் இரண்டு வரைவுகளை ஒப்பிடப் பயன்படுத்தலாம். தனித்த ஒரு தாள் தேறியதா என்று முடிவு செய்யப் பயன்படுத்தக் கூடாது. பேனா பிடித்துப் பல ஆண்டுகளாகிவிட்ட அறுபது வயதுக்காரரிடம் ஐம்பது கோடுகள் கொண்ட தாளை நீட்டுவது அவரைத் தேர்வறையில் உட்கார வைப்பதாகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மீதமிருப்பது, வாசகரைத் தாளோடு உட்காரவைத்து, தேவையான செய்தியை அவரால் கண்டுபிடிக்க முடிகிறதா, கண்டுபிடித்ததைத் தம் சொற்களில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. ஆஸ்திரேலியாவில் டேவிட் ஸ்லெஸ் முதலியோர் மருந்துத் தாள்களுக்காக வளர்த்தெடுத்த இம்முறை, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கட்டாயமான நடைமுறையாக மாறியது: மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாளை அதைப் பயன்படுத்தக்கூடிய மக்களிடம் காட்டிச் சோதித்த பிறகே அனுமதி. அங்கே 2009இல் வெளியான வழிகாட்டி நெறி தெளிவானது. ஒரு சிறு முன்னோட்டத்துக்குப் பிறகு, பத்துப் பத்துப் பேராக இரண்டு சுற்று. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு முதல் பதினைந்து கேள்விகள், முக்கால் மணி நேரத்துக்கு மேற்படாமல். ஒவ்வொரு கேள்வியிலும் 90 விழுக்காட்டினர் செய்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவர்களில் 90 விழுக்காட்டினர் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதாவது இருபது பேரில் பதினாறு பேராவது தேற வேண்டும்.

இதை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் எளிமையானது. மேலே பார்த்த தடைகளில் ஒன்றும் இங்கே குறுக்கிடுவதில்லை. அசை, விகுதி, சந்தி, சொல் இடைவெளி, ஊர்வழக்கு எல்லாம் வாசகரின் தலைக்குள்ளேயே தீர்ந்துவிடுகின்றன. எந்த வரியில் தடுக்குகிறது என்பதும் தெரிந்துவிடும்; எந்த வாய்பாடும் அதைச் சொல்லாது. எழுத்தின் அளவு போதாமை, எச்சரிக்கை பின்பக்கத்தில் ஒளிந்திருப்பது போன்ற மொழி சாராத குறைகளும் இதில்தான் அகப்படும். கேள்விகளைத் தாளில் உள்ள சொற்களைத் தவிர்த்துப் பேச்சுத் தமிழில் கேட்க வேண்டும்: "ஒரு வேளை மாத்திரை போட மறந்துட்டீங்கன்னா என்னம்மா செய்வீங்க?" என்பது போல. "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது, மரியாதைக்காகவாவது "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். சோதிக்கப்படுவது அவர் அல்ல, தாள்தான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். செவிலியர்கள், ஆசிரியர்கள், அலுவலக ஊழியரின் உறவினர்கள் ஆகியோரை விட்டுவிட்டு, மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்களிலிருந்து ஆள் சேர்க்க வேண்டும்.

இதன் குறையும் தெரிந்ததே. நேரமும் ஆளும் வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட இணையத்தளத்துக்கு இது கட்டுப்படியாகாது. அத்தகைய இடத்தில்தான் கணினிக்கு வேலை கொடுக்கலாம்: வாக்கியச் சொல் எண்ணிக்கை, 'படு' வினைகள், ஒன்றுக்குள் ஒன்றாக வரும் பெயரெச்சங்கள், ஊர்ப் பட்டியலில் இல்லாத வேர்ச்சொற்கள் ஆகியவற்றை எண்ணி, பக்கங்களை வரிசைப்படுத்தி, கீழே நிற்பவற்றை முதலில் திருத்தத் தொடங்கலாம். இந்த எண்களைப் பிற மொழியோடோ வேறு அமைப்பின் உரையோடோ ஒப்பிடக் கூடாது. பள்ளிப் பாடநூலுக்கு, வகுப்பறையிலேயே மாணவர்கள் கிடைப்பதால், இரண்டு வரைவுகளுக்கு இடையிலான கோடிட்ட இடச் சோதனை பொருந்தும். ஒற்றைத் துண்டறிக்கைக்கு வேறு எதுவும் தேவையில்லை, வாசகர் சோதனை போதும். முழு இருபது பேருக்கு வழியில்லையென்றால் முதல் சுற்றின் பத்துப் பேரோடு நிறுத்திக்கொண்டாலும், எந்த வாய்பாட்டு எண்ணையும்விட அது மேல். பணம் தருபவர் எண்தான் வேண்டும் என்றால், 'பத்துப் பேரில் ஒன்பது பேர் மறந்த வேளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சரியாகச் சொன்னார்கள்' என்பதைவிட நேர்மையான எண் எதுவும் இல்லை.

முதல் சுற்றில் தடுக்கிய வரிகளைத் திருத்தி இரண்டாம் சுற்றுக்குப் போகும்போது, சில வரிகள் மறுபடியும் தேறாமல் போகும். இரண்டு மூன்று விதமாக மாற்றி எழுதியும் அப்படியே நின்றால், குற்றம் தமிழில் இல்லை என்றே கொள்ளலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெறும் வயிற்றில், வேறொரு மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் கழித்து என்று அறிவுரையே சிக்கலாக அமைந்திருக்கும். அந்த வரியை மேலும் செதுக்கிக்கொண்டிருக்காமல், மருந்து வேளையை மாற்றியமைக்க முடியுமா என்ற கேள்வியோடு மருத்துவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும்.